தடையவழி நிறுத்தம்

தடையவழி நிறுத்தம் என்பது, மின்னோடியின் வேகத்தைக் குறைக்கும்போது வெளிப்படும் இயக்க ஆற்றலை மின்னாற்றலாக மாற்றி, மின்தடையம் ஒன்றில் வெப்பமாக வெளியேற்றும் முறையாகும். பாரந்தூக்கிகள், மின்தூக்கிகள், ஆலை இயந்திரங்கள், தொடர்வண்டிப் பொறிகள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

செயற்பாடு

மாறு அதிர்வெண் இயக்கி, மாறுமின்னோட்டத்தை முதலில் நேர் மின்னோட்டமாக்கி, பின்னர் வேண்டிய அதிர்வெண்ணில் மின்னோடிக்கு அளிக்கிறது. அதிர்வெண் விரைவாகக் குறைக்கப்படும்போது, சுழலும் சுமை மின்னோடியை ஒரு மின்னியற்றியாக மாற்றிவிடுகிறது. சாதாரண இருமுனையச் சீராக்கி மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடுவதால், அவ்வாற்றல் மின்வலைக்குத் திரும்ப இயலாது; இயக்கியின் மின்தேக்கிகளில் சேர்ந்து மின்னழுத்தத்தை உயர்த்தும். 415 வோல்ட்டு வழங்கலில் இயல்பாக ஏறத்தாழ 585 வோல்ட்டாக உள்ள இந்நேர் மின்னழுத்தம் 750 வோல்ட்டு அளவை நெருங்கும்போது, ஒரு திரிதடையம் மின்தடையத்தை இணைத்து ஆற்றலை வெப்பமாக்குகிறது. தடையம் இல்லையெனில் இயக்கி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். சுமையோ கட்டுப்பாடின்றிச் சுழலும்.

கணிப்பு

இயக்க ஆற்றல், நிலைமத் திருப்புத்திறனைக் கோண விரைவின் இருமடியால் பெருக்கி வருவதில் பாதியாகும். 5 கிலோகிராம் சதுர மீட்டர் திருப்புத்திறனுள்ள உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழன்றால், அதன் ஆற்றல் ஏறத்தாழ 62 கிலோயூல். அதைச் சீராக 10 நொடிகளில் நிறுத்தினால் சராசரித் திறன் 6.2 கிலோவாட்டு, தொடக்கத்தில் அதன் இருமடங்கு. இழப்புகளைப் புறக்கணித்தால், 750 வோல்ட்டில் இதற்கு ஏறத்தாழ 45 ஓம் தடையம் தேவை. இயக்கிக்குக் குறிக்கப்பட்ட சிறும அளவைவிடத் தடை குறையக் கூடாது.

வெப்பமா, மீட்பா?

எப்போதாவது நிற்கும் இயந்திரத்துக்குத் தடையமே மலிவானது. அடிக்கடி நிற்பவற்றில் ஆற்றலை மின்வலைக்குத் திருப்புவது இலாபமாகும். கரும்பு விளையும் திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களின் மக்கள் அறிந்த சர்க்கரை ஆலைகளில், படிகங்களைப் பாகிலிருந்து பிரிக்கும் மையவிலக்குப் பொறி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தொகுதி முறையில் இயங்கும் பொறி ஒவ்வொரு தொகுதிக்கும் விரைந்து சுழன்று, மீண்டும் வேகம் குறைய வேண்டும். 2015 ஆம் ஆண்டில் சேவை தொடங்கிய சென்னை மெட்ரோ தொடர்வண்டிகளும் நிறுத்த ஆற்றலை மின்கம்பிக்குத் திருப்புகின்றன.

வரம்புகள்

நின்ற சுமையைத் தடையம் பிடித்து வைக்காது. இயக்கி செயலிழந்தால் இந்நிறுத்தமும் இராது. எனவே பாரந்தூக்கி, மின்தூக்கி போன்றவற்றில் இயந்திரவகை நிறுத்தி கட்டாயம் தேவை. திரிதடையம் குறுக்குச் சுற்றானால் தடையம் இடைவிடாது சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆகவே தடையத்தின் வெப்பக் காப்பு, இயக்கிக்கு வரும் மின்வழங்கலையே துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது. துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் சில நிமிடங்கள் எஞ்சியிருக்கும்.