ஒரு ஜோடி பூட்ஸுக்குப் பின்னால் இருநூறு வருஷம்

பத்து வருஷம் உழைக்கிற ஒரு லெதர் பூட்ஸ் வேணும்னா எதையெல்லாம் பார்த்து வாங்கணும்? இதுதான் இன்னிக்குக் கேள்வி. ஆனா பதிலுக்காக நேரா கடைக்குப் போகப் போறதில்ல. முதல்ல கொட்டாரத்துக்குப் போய்ட்டு வருவோம்.

நாகர்கோவில்ல இருந்து சுசீந்திரம் வழியா கன்னியாகுமரிக்குப் போற பழைய ரோட்டுல, கடல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற ஊர் கொட்டாரம். கொட்டாரம்னா அரண்மனைன்னு அர்த்தம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி இந்தப் பகுதி திருவிதாங்கூர்ல இருந்தது. பூட்ஸைப் பத்திப் பேச ஏன் இங்க வரணும்? இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த மண்ணுல 'எந்தச் செருப்பு நல்ல செருப்பு?' என்பது கேள்வியே இல்ல. 'செருப்புப் போட நீ யாரு?' என்பதுதான் கேள்வி.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர், திருவிதாங்கூரைப் பத்தி 1871-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பு 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி'. தன்னை தர்ம ராஜ்யம்னு சொல்லிக்கிட்ட நாட்டுக்கு அந்தத் தலைப்பு. அன்னைக்குச் சாணார்னு அழைக்கப்பட்ட நாடார் மக்களுக்கு என்னென்ன தடை இருந்ததுன்னு அதுல ஒரு பட்டியல் போடுறார். குடை பிடிக்கக் கூடாது. தங்க நகை போடக் கூடாது. தண்ணிக் குடத்தை இடுப்புல வைக்கக் கூடாது. மாடி வீடு கட்டக் கூடாது. பசு கறக்கக் கூடாது. அந்த வரிசையிலேயே இன்னொண்ணும் இருக்கு: காலணி போடக் கூடாது.

இது வறுமை பத்தின பட்டியல் இல்ல. வாங்கக் காசு இருந்தாலும் போட அனுமதி இல்ல. சித்திரை வெயில்ல பனங்காட்டு மணல் எப்படிக் கொதிக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. அந்த மணல்ல தினம் நடந்தவங்களுக்குத்தான் இந்தத் தடை.

இந்தப் பட்டியல்ல நமக்கு அதிகம் தெரிஞ்சது மேலாடைத் தடை. அதை எதிர்த்து நடந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். கொட்டாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற மயிலாடியில 1809-லேயே ஒரு தேவாலயம் வந்தாச்சு. அங்கிருந்து பரவின பள்ளிக்கூடங்கள்ல படிச்ச பெண்கள் குப்பாயம் போட ஆரம்பிச்சாங்க. தெருவுல வச்சு அதைக் கிழிச்சாங்க. பல வருஷம் அடிதடி, வழக்கு, தீவைப்பு. கடைசியில 1859 ஜூலை 26-ஆம் தேதி மேலாடை அணியலாம்னு மகாராஜாவோட பிரகடனம் வந்தது. அதுலயும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் மாதிரி அணியக் கூடாது.

இதே காலத்துல பக்கத்துல சாமித்தோப்புல அய்யா வைகுண்டர் தன்னோட ஆட்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்னிக்கும் அந்தப் பதிக்குள்ள ஆண்கள் தலைப்பாகையோடதான் போவாங்க. தலையில துணி, தோள்ல சீலை, கால்ல செருப்பு. நமக்கு இதெல்லாம் ஃபேஷன். அவங்களுக்கு ஒவ்வொண்ணும் ஒரு போராட்டம்.

சரி, இப்ப இங்கிருந்து தமிழ்நாட்டோட வடக்குப் பக்கம் போவோம். தெற்குல காலணிக்குத் தடை இருந்த அதே நூற்றாண்டுல, மெட்ராஸ் ராஜதானி உலகத்துக்கே தோல் அனுப்பிக்கிட்டிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மெட்ராஸ் பெரியமேடு. சாலையோரம் மஞ்சளாப் பூத்து நிற்கிற ஆவாரஞ்செடிதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. ஆவாரம்பட்டைத் தண்ணியில தோலை வாரக்கணக்கா ஊறவச்சு, கடுக்காயால முடிச்சு எடுப்பாங்க. லண்டன் சந்தையில இதுக்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்'னு பேரு. முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸோட மேல்தோலுக்கு இது அவ்வளவு தேவைப்பட்டதால, அரசாங்கமே மொத்தமா வாங்கிக்கிட்டது. ஐரோப்பாவோட பதுங்குகுழிச் சேத்துல நின்ன கால்களைக் காத்ததுல நம்ம ஆவாரம்பட்டைக்கும் பங்கு உண்டு. அந்தத் தோலை உரிச்சு, ஊறவச்சுக் கொடுத்த தலித் தொழிலாளிக்கோ, தன் ஊர்த் தெருவுலயே செருப்பைக் கழட்டிக் கையில தூக்கிக்கிட்டுப் போக வேண்டிய நிலைமை.

அடுத்து வந்தது குரோம். குரோமிய உப்பால தோல் பதனிடுற முறைக்கு அமெரிக்காவுல அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் காப்புரிமை வாங்கினார். பட்டையில வாரக்கணக்கா ஆகிற வேலை இதுல ஒண்ணு ரெண்டு நாள்ல முடிஞ்சிடும். 1903 வாக்குல மெட்ராஸ் கலைப் பள்ளியில ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதைச் சோதனை பண்ண ஆரம்பிச்சார். அவர் முதல்ல மனசுல வச்சது ஷூ இல்ல, கமலை இறைக்கிற தோல் பை. பட்டைத் தோல் தண்ணியில சீக்கிரம் அழுகிடும், குரோம் தோல் தாங்கும். விவசாயி கிணத்துக்காக வந்தது அப்புறம் செருப்புக்கும் பூட்ஸுக்கும் போச்சு. பல்லாவரம் பக்கத்துல வந்த குரோம் லெதர் கம்பெனியாலதான் குரோம்பேட்டைக்கு அந்தப் பேரு. டிரெய்ன்ல தினம் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போறவங்க இனி ஒரு தடவை காலைக் குனிஞ்சு பாருங்க.

இப்ப கடைக்குப் போகலாம். மூணு விஷயம் பாக்கணும்.

முதல் விஷயம், தோல். 'ஜென்யூன் லெதர்'னு எழுதியிருந்தா அது தோல்னு மட்டும்தான் அர்த்தம், நல்ல தோல்னு அர்த்தம் இல்ல. மேல்பரப்பைத் தேய்ச்சு எடுக்காத தோலைத்தான் ஃபுல் கிரெய்ன்னு சொல்வாங்க. அதுல மாட்டோட பழைய கீறலும் சுருக்கமும் கொஞ்சம் தெரியும். அது குறை இல்ல, அதுதான் அடையாளம். பிளாஸ்டிக் மாதிரி ஒரே சீரா மினுமினுத்தா சந்தேகப்படுங்க, மேல பூச்சு இருக்கும்.

ரெண்டாவது, தையல். நிறைய ஷூவுல அடிப்பகுதியைப் பசையால ஒட்டியிருப்பாங்க. அது தேஞ்சா தூக்கிப் போடுறதுதான். குட்இயர் வெல்ட்னு ஒரு முறை இருக்கு. ரப்பரைக் கெட்டிப்படுத்தின சார்லஸ் குட்இயரோட மகன் பேர்ல, 1870-கள்ல பரவினது. மேல்தோலைச் சுத்தி ஒரு பட்டையைத் தைச்சு, அந்தப் பட்டையோட அடித்தோலைத் தைப்பாங்க. தேஞ்சுபோனா அடியை மட்டும் பிரிச்சுப் புதுசு போடலாம், மேல்தோலுக்கு ஒண்ணும் ஆகாது. பாலியூரிதேன் அடிப்பகுதி இருந்தா இன்னொரு ஆபத்து: ஈரக்காத்து பட்டா, போடாம அலமாரியில வச்சிருந்தாக்கூட ஒரு நாள் பொலபொலன்னு உதிரும். குமரி மாதிரி ரெண்டு பருவமழையும் கடல் காத்தும் இருக்கிற ஊர்ல இதைக் கண்டிப்பா யோசிக்கணும்.

மூணாவது, அளவு. சாயங்காலம் போய் வாங்குங்க, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீங்க வழக்கமாப் போடுற சாக்ஸோடவே போட்டுப் பாருங்க. விரலுக்கு இடம் இருக்கணும், குதிகால் அதிகம் தூக்கக் கூடாது. முதல் வாரம் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு போட்டுப் பழக்குங்க. தினமும் ஒரே ஜோடியைப் போடாதீங்க, வியர்வை காய ஒரு நாள் வேணும். நனைஞ்சா உள்ள நியூஸ்பேப்பரைத் திணிச்சு நிழல்ல காய வைங்க, வெயில்ல வச்சா தோல் வெடிக்கும். மழைக்காலத்துல பூசணம் பிடிக்காம அடிக்கடி துடைச்சு, எப்பவாவது கொஞ்சம் மெழுகு தேய்ச்சா போதும்.

இவ்வளவு மெனக்கெடணுமா? ஆமா. காரணம் பாலாறு. குரோம் தோல் தொழில்ல வெளியேறின கழிவு அந்த ஆத்தையும் கிணறுகளையும் என்ன பண்ணுச்சுன்னு, வேலூர் மக்கள் நலப் பேரவை வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விரிவாவே சொன்னது. மாசு பண்றவரே அதுக்கான விலையைக் கொடுக்கணும்ங்கிற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்துல உறுதியானது அந்தத் தீர்ப்புலதான். 2015 ஜனவரியில ராணிப்பேட்டையில தோல் கழிவுத் தொட்டியோட சுவர் இடிஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்துப்போனாங்க. நம்ம கால்ல இருக்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படி ஒரு விலை இருக்கு, பில்லுல அது வராது. பத்து வருஷத்துல அஞ்சு ஜோடி வாங்குற இடத்துல ஒரே ஜோடியை அடி மாத்தி மாத்திப் போட்டா, அந்த விலை கொஞ்சமாவது குறையும். நீடிச்சு உழைக்கிறதைத் தேடுறது வெறும் ரசனை இல்ல.

அப்புறம் செருப்புத் தடையெல்லாம் பழைய கதைன்னு நினைச்சிடாதீங்க. 2023 டிசம்பர்ல, திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்துல ராஜாவூர்ல, சுமார் 60 தலித் மக்கள் ஒரு தெருவுல முதல் தடவையா செருப்புப் போட்டு நடந்தாங்க. அது நியூஸ்ல வந்தது. செருப்புப் போட்டு நடந்தது நியூஸ்.

அதனால அடுத்த தடவை உங்க பூட்ஸோட அடி தேஞ்சா, ஆன்லைன்ல புதுசு தேடுறதுக்கு முன்னாடி, தெருமுனையில உட்கார்ந்திருக்கிற செருப்புத் தைக்கிற அண்ணாச்சிகிட்ட எடுத்துட்டுப் போங்க. பேரம் பேசாதீங்க. அந்தத் தையல் எவ்வளவு நாள் தாங்கும்னு அவர்கிட்டயே கேளுங்க. நான் இப்ப சொன்னதையெல்லாம் விட அவருக்கு நல்லாத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.