பழைய காருக்கு யாரு விலை சொல்றது?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அண்ணா, என் காருக்கு ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்கு 2 லட்சம் தர்றேங்கறாங்க. வெளியில 1.80தான் கேக்கறாங்க. ஷோரூம்லயே குடுத்துடவா?"

இந்தக் கேள்விக்கு வயசு நூறு. பதில் சொல்றதுக்கு முன்னாடி 1920கள் அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம்.

ஃபோர்டு மாடல் டி 1908ல் வந்தப்போ விலை சுமார் 850 டாலர். 1920களின் நடுவில் அதே வண்டி 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. விலையைக் குறைச்சுக்கிட்டே போனா ஜனங்க வாங்கிக்கிட்டே இருப்பாங்க என்பது ஹென்றி ஃபோர்டின் கணக்கு. ஆனால் அதே காசுக்கு, கொஞ்ச வருஷம் ஓடின, கூரையும் கண்ணாடியும் வெச்ச, இன்னும் வசதியான வண்டி செகண்ட்ஹேண்டில் கிடைக்க ஆரம்பிச்சிருந்தது. ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களே ஃபோர்டுக்குப் போட்டி. 1927ல் மாடல் டி நின்னுபோச்சு.

ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோனுக்கு இது புரிந்தது. சந்தையை மாற்றியவை நாலு என்று பிற்பாடு எழுதினார்: தவணை முறை, பழைய காரை எடுத்துக்கொள்வது, மூடிய பாடி, வருஷா வருஷம் புது மாடல். இந்த நாலில் ரெண்டாவதைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். பழைய வண்டியே புது வண்டிக்கு முன்பணமா மாறின இடம் அது.

மாறினதும் தகராறும் வந்தது. வாங்க வந்தவர் நாலு டீலர்கிட்ட ஏறி இறங்கி, "அவன் இவ்வளவு தர்றான், நீ எவ்வளவு?" என்று கேட்டார். புது வண்டியை எப்படியாவது தள்ளணும்னு டீலர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அப்புறம் அந்தப் பழைய வண்டியை விற்க முடியாமல் கையைச் சுட்டுக்கிட்டாங்க.

லாஸ் ஏஞ்சல்ஸில் லெஸ் கெல்லி என்று ஒருவர். 1918ல் மூணு மாடல் டி வண்டிகளோட பழைய கார் வியாபாரம் தொடங்கினவர். 'இந்தக் கார் வந்தா இந்த விலைக்கு எடுத்துக்கறேன்' என்று ஒரு பட்டியல் போட்டு மத்த டீலர்களுக்கும் பேங்க்குகளுக்கும் அனுப்புவார். அந்தப் பட்டியலுக்கு மவுசு கூடி, 1926ல் 'புளூ புக்' ஆனது. ஆனா அது வியாபாரிகளுக்கான புத்தகம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் டிராயரில் விலைப்பட்டியல். இந்தப் பக்கம் இருக்கிறவரிடம் வெறும் நம்பிக்கை.

1933ல் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச கூத்து. பெருமந்தக் காலம். ரூஸ்வெல்ட் அரசு ஒவ்வொரு தொழிலுக்கும் 'நியாயப் போட்டி விதிகள்' கொண்டுவந்தது. கார் சில்லறை வியாபாரத்துக்கு வந்த விதி: டீலர் சங்கத்தின் கையேட்டில் இருக்கிற விலைக்கு மேல பழைய காருக்குக் கொடுக்கக் கூடாது. அதாவது, வாடிக்கையாளருக்குக் கூடுதலா கொடுத்தா சட்ட மீறல்! 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டையே ரத்து செய்தது. வழக்கை அங்கே கொண்டுபோனவங்க கார்க்காரங்க இல்லை, புரூக்ளின் கோழி வியாபாரிகள். கோழி புண்ணியத்துல காருக்கு விடுதலை.

டீலர்கள் அடுத்த வழியைப் பிடித்தார்கள். 1950களில் அது உச்சத்துக்குப் போனது. கணக்கு புரிய ஒரு கற்பனை உதாரணம். புது காரின் உண்மையான விலை 2,500 டாலர், உங்க பழைய கார் 600 பெறும். நீங்க போட வேண்டியது 1,900. டீலர் புது காருக்கு 3,000 சொல்லி, பழைய காருக்கு 1,000 தருவார். நீங்க 2,000 கட்டுவீங்க. நூறு டாலர் போச்சு, ஆனா "என் ஓட்டை வண்டிக்கு ஆயிரம் கொடுத்தாங்க!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு வருவீங்க.

ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி 1958ல் இதுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். பழைய கார் விலைப் பக்கம் அவர் போகவே இல்லை. புது காரின் கண்ணாடியில் கம்பெனி சொல்லும் விலையை ஒட்டியே ஆகணும், அவ்வளவுதான். புது விலை ஊரறிஞ்சா, பழையதுக்குச் சொல்லும் விலையின் வேஷம் தானாகக் கலையும். அந்த ஸ்டிக்கருக்கு இன்றும் அங்கே அவர் பேர்தான். டிராயரில் இருந்த புளூ புக்கின் பொதுமக்கள் பதிப்புக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இணையத்தில் 1995ல் வந்தது.

இப்போ நம்ம நேயருக்கு வருவோம். 2 லட்சம், 1.80 லட்சம் ரெண்டையும் மட்டும் வெச்சு முடிவெடுக்காதீங்க தம்பி. எக்ஸ்சேஞ்சே இல்லாம வாங்கினா ஆன்ரோடு விலை என்ன, எக்ஸ்சேஞ்சோட என்ன என்று ரெண்டு கொட்டேஷன் தனித்தனியா எழுதி வாங்குங்க. எக்ஸ்சேஞ்ச் இல்லாதவருக்கு மட்டும் 30,000 தள்ளுபடின்னு வெச்சுக்குவோம்: வெளியில வித்தாதான் உங்களுக்கு 10,000 லாபம். அந்தப் பத்தாயிரத்துக்காக நீங்க போட்டோ எடுக்கணும், வர்றவங்களுக்கு ஓட்டிக் காட்டணும், ஆர்சி பெயர் மாற்றம் முடியுற வரை பின்னாடியே அலையணும். மாறலைன்னா அடுத்தவன் ஓட்டுற வண்டிக்கு அபராதம் உங்க பேருக்கு வரும். எனக்கு அந்த அலைச்சலுக்கு 10,000 கம்மி. 30,000 கிடைச்சா நானே வித்துடுவேன்.

ரெண்டு கொட்டேஷனும் கைக்கு வந்ததும் எண்களை அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பிரிச்சுப் பார்ப்போம்.