பழைய தரவுத்தளங்களில் அட்டவணைப் பிணைப்புப் பிழைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தரவுத்தளத்தில் செய்திகள் பல அட்டவணைகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. ஓர் அட்டவணையின் பதிவை மற்றொன்றின் பதிவோடு சேர்ப்பது பிணைப்பு எனப்படும். டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ் ஆகியவற்றில் எழுதப்பட்ட பழைய செயலிகளில் இப்பிணைப்பு சில வேளைகளில் மட்டும் அறுந்துபோவதுண்டு. அதன் காரணம் அம்மென்பொருள்களின் கட்டமைப்பு வரலாற்றிலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோட்பாடும் நடைமுறையும்

ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை வெளியிட்டார். பதிவுகள் இருக்கும் இடத்தாலோ வரிசையாலோ அன்றி, அவற்றிலுள்ள மதிப்புகளாலேயே இணைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1980களில் தனியாள் கணினிகளில் பரவிய டிபேஸ் இக்கோட்பாட்டை முழுமையாகப் பின்பற்றவில்லை. அதில் ஒவ்வோர் அட்டவணையும் ஒரு தனிக் கோப்பு. பதிவைத் தேட உதவும் இண்டெக்ஸ் மற்றொரு தனிக் கோப்பு. பிணைப்போ, நிரல் இயங்கும்போது 'செட் ரிலேஷன்' என்னும் கட்டளையால் உருவாகி, நிரல் முடிந்ததும் மறைந்தது. அதாவது, பிணைப்பு தரவுக்குள் இல்லை.

பிழையின் மூன்று வழிகள்

முதலாவது, இண்டெக்ஸைத் திறக்காமல் அட்டவணையில் மட்டும் பதிவு சேர்க்கப்படுதல். அப்பதிவு கோப்பில் இருக்கும், தேடலில் கிட்டாது. ஃபாக்ஸ்புரோ 2.0 (1991) அட்டவணையோடு தானே திறக்கும் இண்டெக்ஸைக் கொணர்ந்து இக்குறையைக் குறைத்தது.

இரண்டாவது, வலையமைப்பு. ஒற்றைப் பயனருக்கென எழுந்த கோப்புகளைப் பலர் பகிர்ந்தபோது, பயனர் கணினி தன் நினைவகத்தில் தற்காலிகமாக வைத்திருந்த பகுதி பொதுக் கோப்பிலிருந்து வேறுபட நேர்ந்தது. சம்பா மென்பொருளில் குறிப்பிட்ட கோப்புகளுக்கு மட்டும் இவ்வகைத் தற்காலிகச் சேமிப்பு உரிமையை மறுக்கும் அமைப்பு உள்ளது.

மூன்றாவது, பாதை. 1992இல் வெளிவந்த ஆக்சஸ், வெளிக்கோப்பிலுள்ள அட்டவணையின் முகவரியைச் சேமித்து வைக்கிறது. அம்முகவரி வலையமைப்பு இயக்ககத்தின் எழுத்தைக் கொண்டிருந்தால், அவ்வெழுத்து ஒதுக்கப்படாத கணினியில் பிணைப்பு கிட்டாது.

தீர்வும் எச்சமும்

இண்டெக்ஸை மீள உருவாக்கினால் முதல் வகைப் பிழை நீங்கும். ஆனால் அதனை உடனே செய்வது சான்றை அழிப்பதாகும். கோப்புகளைப் படியெடுத்து, எந்தக் கணினியில், எவ்வேளையில் பிழை தோன்றியது எனக் குறித்து, துணை அட்டவணையில் இணையற்று நிற்கும் பதிவுகளை எண்ணிய பின்னரே திருத்தம் செய்தல் வேண்டும். தேடியும் கிட்டாத பதிவைப் பயனர் மறுபடி உள்ளிட்டிருந்தால், பிழை நீங்கிய பின்னும் ஒருவரே இருவராகத் தரவில் நிற்பார்.

முடிவுரை

விஷுவல் ஃபாக்ஸ்புரோ 1995இல் பிணைப்பு விதிகளைத் தரவுத்தளத்துக்குள் கொண்டுவந்தது. எனினும் பழைய வடிவம் மறையவில்லை. நிலவரைபட ஆய்வில் இன்றும் பயன்படும் ஷேப்ஃபைல், தன் விவரங்களை டிபேஸ் கோப்பிலேயே வைக்கிறது. அதில் வடிவமும் விவரமும் பதிவு வரிசையால் மட்டுமே இணைகின்றன. விவரக் கோப்பைத் தனியே வரிசை மாற்றிச் சேமித்தால், கயிறு அறுந்து ஏடு மாறிய சுவடிபோல, ஓர் ஊரின் விவரம் பிறிதோர் ஊருக்கு உரியதாகிவிடும். எச்சரிக்கை எதுவும் தோன்றாது. எனவே பழைய தரவைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதன் உள்ளடக்கத்தோடு அதன் பிணைப்பு எங்கே இருந்தது என்பதையும் ஆராய்தல் இன்றியமையாதது.