கைபேசி இற்றைப்படுத்தலின் கதை: பிழை யாருடையது?

யாழ்ப்பாணத்தில் வசிக்கும் எனது மூத்த சகோதரி சில மாதங்களுக்கு முன்னர், கொழும்பில் இருக்கும் எனக்கு வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைப்பெடுத்தார். "தம்பி, பிள்ளையோடை கதைக்கிற போன் இனி வேலை செய்யாதாம். ஏதோ புதுசு ஏத்தச் சொல்லுது. ஏத்தப் போனால், உங்கடை போனுக்கு அது இல்லை எண்டு சொல்லுது. நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார்.

கனடாவில் இருக்கும் அவரது மகன், தான் பாவித்த பின்னர் அனுப்பிவைத்த கைபேசி அது. உடைவில்லை, கீறலும் இல்லை. மின்கலம் அரைநாள் தாங்கும். ஆனால் மகனின் முகத்தை நாள்தோறும் காட்டிவந்த செயலி, பழைய இயங்குதளத்தில் இனி இயங்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டது. இயங்குதளத்தைப் புதுப்பிக்கலாம் என்றால், அந்த வகைக் கைபேசிக்கு அதற்கு மேல் பதிப்பு எதுவும் வெளியிடப்படவில்லை.

அக்காவின் கேள்விக்கு அன்று என்னால் விடை கூற முடியவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அவருடைய கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 15 ஆண்டுகால வரலாறு ஒன்று இருப்பதை அறிந்தேன். அந்த வரலாற்றைச் சுருக்கமாக இங்கே பதிவு செய்கிறேன்.

பொத்தான்கள் வைத்த பழைய கைபேசிகளின் காலத்தில் இந்தத் தொல்லை நமக்கு இருக்கவில்லை. வாங்கிய நாளில் அதில் என்ன இருந்ததோ, அதுவே கடைசி வரை இருந்தது. உள்ளிருக்கும் மென்பொருளை மாற்ற வேண்டுமாயின் பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும், அல்லது கணினியுடன் இணைக்க வேண்டும். ஆகவே பெரும்பாலானோர் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

2007 ஜூனில் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது இந்த நிலை மாறியது. கைபேசி என்பது வாங்கிய பின்னும் வளரக்கூடிய பொருள் என்ற எண்ணத்தை மக்கள் மனதில் பதித்தது அதுவே. கருவியும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் புதிய பதிப்புகள் நேராகப் பாவனையாளரைச் சென்றடைந்தன. ஆனாலும் முதல் கசப்பு அங்கேயே தோன்றியது. 2010 ஜூனில் நான்காவது பதிப்பு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வெளியான ஐபோன் 3ஜியிலும் அதை ஏற்றலாம் என்று கூறப்பட்டது. நம்பி ஏற்றியவர்களின் கைபேசிகள் ஆமை வேகத்தில் நகரத் தொடங்கின. பழைய பதிப்புக்குத் திரும்பிச் செல்ல நிறுவனம் வழி வைக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் கலிபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது.

கூகுளின் அன்ட்ரொயிட் இயங்குதளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் முதலாவது கைபேசி 2008 ஒக்ரோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எச்.டி.சி நிறுவனம் தயாரித்த கருவி அது. 2009 ஆம் ஆண்டில் மாத்திரம் 1.5, 1.6, 2.0 என மூன்று முக்கிய பதிப்புகளைக் கூகுள் வெளியிட்டது. அந்த முதற் கைபேசியோ 1.6 உடன் நின்றுவிட்டது. வாங்கி ஓராண்டு ஆன கருவி பழம்பொருளாகிவிட்டது.

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள, ஒரு பதிப்பு நம் கைக்கு வந்து சேரும் வழியை அறிய வேண்டும். கூகுள் மூலநிரலை வெளியிடுகிறது. குவல்கொம், மீடியாடெக் போன்ற சில்லு உற்பத்தியாளர்கள், தமது சில்லு அதனுடன் இசைந்து இயங்குவதற்கான நிரல்களை எழுதித் தர வேண்டும். பின்னர் கைபேசி நிறுவனம் தனது முகப்பையும் தனது செயலிகளையும் அதன் மேல் பூசுகிறது. சில நாடுகளில் தொலைபேசிச் சேவை நிறுவனங்களும் பரிசோதித்து அனுமதி வழங்க வேண்டும். இந்த நான்கு வாசல்களில் ஏதாவது ஒன்று மூடினாலும் பதிப்பு நம்மிடம் வராது. ஆனால் நான்கு வாசல்காரர்களில் எவருக்கும், ஏற்கனவே விற்றுத் தீர்ந்த கைபேசிக்காக உழைப்பதில் இலாபம் இல்லை. புதிய கைபேசியை விற்பதில்தான் இலாபம் இருக்கிறது. தாமதத்தின் வேர் இதுவே.

2011 மே மாதம் நடந்த தனது ஆண்டு மாநாட்டில் கூகுள் ஒரு வாக்குறுதி அளித்தது. பெரிய கைபேசி உற்பத்தியாளர்களையும் சேவை நிறுவனங்களையும் கூட்டாகச் சேர்த்துக்கொண்டு, கருவியின் வன்பொருள் இடம் கொடுக்குமாயின் 18 மாதங்களுக்குப் புதிய பதிப்புகள் வழங்கப்படும் என்று அறிவித்தது. அரங்கில் கைதட்டல் எழுந்தது. அதே ஆண்டு டிசெம்பரில், ஒரு கோடிக்கும் மேல் விற்பனையான கலக்சி எஸ் கைபேசிக்கு 4.0 பதிப்பு கிடையாது என்று சாம்சங் தெரிவித்தது. நினைவகம் போதாது என்பது காரணம். அந்த நினைவகத்தை நிரப்பியவற்றில் நிறுவனம் தானே பூசிய முகப்பும் ஒன்று என்பதுதான் வேடிக்கை.

கூகுள் தன் பெயரிலேயே விற்ற கருவிக்கும் இக்கதி நேர்ந்தது. 2011 நவம்பரில் வெளிவந்த கலக்சி நெக்சஸுக்கு 2013 இல் வெளியான 4.4 பதிப்பு வழங்கப்படவில்லை. அதன் சில்லைத் தயாரித்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் கைபேசிச் சில்லுத் தொழிலிலிருந்தே விலகிவிட்டது. அந்தச் சில்லுக்கு நிரல் எழுத ஆளில்லை. கைபேசியை வாங்கியவர் அதன் உள்ளே எந்த நிறுவனத்தின் சில்லு இருக்கிறது என்பதை அறிந்திருப்பாரா என்ன?

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கைபேசிகளை வாங்கியோருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. 2012 ஏப்ரலில் நோக்கியாவின் லூமியா 900 அமெரிக்காவில் பெரும் விளம்பரத்துடன் விற்பனைக்கு வந்தது. மூன்று மாதங்கள் ஆவதற்குள், ஜூன் மாதத்தில், அடுத்து வரும் விண்டோஸ் போன் 8 பதிப்பு அக்கருவி உட்பட இருக்கின்ற எந்தக் கைபேசிக்கும் வராது என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. ஆறுதலுக்காக 7.8 என்றொரு பதிப்பு பின்னர் கொடுக்கப்பட்டது. எண்ணில் எட்டை நெருங்கியது, எட்டாகவில்லை.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்களுக்குரிய ஓர் இழப்பையும் குறிப்பிட வேண்டும். ஆரம்பகால அன்ட்ரொயிட் கைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் சதுரப் பெட்டிகளாகவே தெரிந்தன. ஒபெரா மினி என்ற உலாவியில் ஒரு மறைவான அமைப்பை மாற்றினால், எழுத்துகளைப் படமாக வரவழைத்து வாசிக்கலாம். அந்த உபாயத்தை நண்பர்கள் ஒருவருக்கொருவர் மந்திரம் போலச் சொல்லிக் கொடுத்தனர். பின்னர் வந்த பதிப்புகள் தமிழைக் காட்டத் தொடங்கின. ஆனால் புதிய பதிப்பு கிடைக்காத கைபேசி வைத்திருந்தவருக்குப் பெட்டிகள் பெட்டிகளாகவே இருந்தன. ஆங்கிலம் வாசிப்பவருக்கு இற்றைப்படுத்தல் ஒரு வசதி. நமக்கோ அது தாய்மொழியை வாசிப்பதற்கான அனுமதிச்சீட்டாக இருந்தது.

2015 ஜூலையில் அன்ட்ரொயிட்டின் ஒரு பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளியுலகுக்குத் தெரியவந்தது. தொலைபேசிக்கு அனுப்பப்படும் ஒரு பல்லூடகக் குறுஞ்செய்தி வழியாகவே கைபேசிக்குள் நுழையக்கூடிய ஓட்டை அது. ஸ்டேஜ்பிரைட் என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய 95 கோடி கருவிகள் ஆபத்தில் இருப்பதாக அதைக் கண்டறிந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். ஓட்டையை அடைக்கும் நிரல் தயாராக இருந்தது. ஆனால் முன்னர் சொன்ன நான்கு வாசல்களைத் தாண்டி அது பாவனையாளரை எப்போது சென்றடையும்? இற்றைப்படுத்தல் வெறும் அலங்காரம் அல்ல, பாதுகாப்பு என்பதை நிறுவனங்கள் உணர்ந்த தருணம் இது. அடுத்த மாதமே கூகுளும் சாம்சங்கும் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் முறையை அறிவித்தன. 2017 இல் சில்லு சார்ந்த பகுதியையும் இயங்குதளத்தின் ஏனைய பகுதியையும் பிரித்துவைக்கும் ட்ரெபிள் என்ற திட்டம் வந்தது. இரண்டாவது வாசலில் காத்திருக்கும் நேரம் அதனால் குறைந்தது.

அதே 2017 டிசெம்பரில் அப்பிள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மின்கலம் நலிந்த பழைய ஐபோன்களின் வேகத்தை, இற்றைப்படுத்தல் மூலம் தானே குறைத்ததாகக் கூறியது. கைபேசி திடீரென அணைந்துவிடாமல் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கம் அளித்தது. விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாததில் என்ன நியாயம்? மின்கலத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்பதை அறியாமல் புதிய கைபேசி வாங்கியவர்கள் பலர். 2018 இல் இத்தாலி ஒரு கோடி யூரோவும், 2020 இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோவும் அந்நிறுவனத்துக்குத் தண்டம் விதித்தன. அமெரிக்காவில் 50 கோடி டொலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள அது 2020 இல் உடன்பட்டது. பாவனையாளர் நெடுங்காலமாகக் கொண்டிருந்த சந்தேகம் வெறும் மனப்பிரமை அல்ல என்பது இதனால் உறுதியாயிற்று.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2023 ஒக்ரோபரில் வெளியான பிக்சல் 8 கைபேசிக்கு ஏழு ஆண்டுகள் என்று கூகுள் வாக்களித்தது. 2024 ஜனவரியில் கலக்சி எஸ் 24 உடன் சாம்சங்கும் அதையே கூறியது. 18 மாதம் முடியாது என்றவர்களுக்கு ஏழு ஆண்டு எப்படி முடிந்தது? முன்னர் முடியாதிருந்ததன் காரணம் தொழில்நுட்பம் மட்டும் அல்ல என்பதே எனது கருத்து. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, ஒரு கைபேசி வகையின் சந்தைப்படுத்தல் முடிவுற்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இற்றைப்படுத்தல்களை இலவசமாக வழங்குவது பற்றிப் பேசுகிறது.

இங்கே வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் சொல்லும் ஏழு ஆண்டு, அந்த வகை முதன்முதலில் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று ஆண்டு கழித்து மலிவாக வாங்குபவருக்கு நான்கு ஆண்டுதான் மீதி. உறவினர் பாவித்து அனுப்பும் கைபேசிக்கு அதுவும் இல்லாமற் போகலாம். மேலும், இந்த ஏழு ஆண்டு விலையுயர்ந்த கைபேசிகளுக்கே சொல்லப்பட்டது. 2022 இல் டொலரொன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய இலங்கையில், சாதாரண குடும்பம் ஒன்று வாங்குவது எந்த வகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. குறைந்த விலை கொடுப்பவரே குறுகிய காலத்தில் மறுபடியும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

குழப்பமும் நீங்கியபாடில்லை. ஓர் அன்ட்ரொயிட் கைபேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்தால் இயங்குதளத்துக்கு ஓர் எண், நிறுவனத்தின் முகப்புக்கு வேறோர் எண், பாதுகாப்புத் திருத்தத்துக்கு ஒரு திகதி என மூன்று தெரியும். அப்பிள் 2025 இல் 18 இலிருந்து நேராக 26 க்குத் தாவியது. இடையில் ஏழு பதிப்புகளைத் தவறவிட்டோமோ என்று எண்ணியவர்களும் உண்டு. இந்த எண்களுள் சாதாரண பாவனையாளர் முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியையே. அது ஓராண்டுக்கு முந்தியதாயின், வங்கிக் கணக்கு விவகாரங்களை அந்தக் கைபேசியில் வைத்திருப்பது புத்திசாலித்தனம் அன்று.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் சிறிய அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் எழுத்துத் தேய்ந்துபோனால் அந்த எழுத்தை மாத்திரம் மாற்றுவார்கள். அதற்காக அச்சியந்திரத்தை எவரும் எறிந்ததில்லை. இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் கருவி எவ்வளவு காலம் பயன்படும் என்பதைத் தீர்மானிப்பவர் வேறொருவர்.

சென்ற மாதம் அக்காவுக்குப் புதிய கைபேசி வாங்கக் கடைக்குச் சென்றேன். விற்பனையாளர் கமராவைப் பற்றி நீண்ட நேரம் விளக்கினார். "எத்தனை வருடத்துக்கு அப்டேட் வரும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் வரும் சேர்" என்றார். எந்த ஆண்டு வரை என்று கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. அதுவரை எவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம். இனி நாம் எல்லோரும் கேட்க வேண்டும். விலையைக் கேட்பதுபோல இதையும் கேட்டால்தான் விற்பவர் பதிலைத் தேடி வைத்திருப்பார்.

அக்காவிடமும் அன்று சொல்லத் தவறிய பதிலைச் சொன்னேன்: "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை, அக்கா." பழைய கைபேசியை அவர் எறியவில்லை. பேரப்பிள்ளையின் படங்கள் அதில் இருக்கின்றனவாம்.