நான்கே நாளில் மாறிய பெயர்

ஜார்ஜியாவில் கோரி என்றொரு சிற்றூர். 1878 டிசம்பரில் அங்கே செருப்புத் தைக்கும் பெசாரியோன் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முன்னால் பிறந்த இரண்டையும் பறிகொடுத்திருந்த தாய் கெக்கே, இதுவாவது தங்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் யோசிப். வீட்டில் கூப்பிட்டது சோசோ. பாதிரியாராக்கிப் பார்க்க ஆசைப்பட்டு அவள் சேர்த்துவிட்ட குருமடத்திலிருந்து 1899இல் பையன் வெளியேற்றப்பட்டான். பிறகு தலைமறைவு வாழ்க்கை. போலீஸுக்குப் போக்குக் காட்டப் பெயர் மேல் பெயர். நாவல் ஒன்றின் நாயகன்மீது மோகம் கொண்டு 'கோபா' என்று கொஞ்ச காலம் திரிந்தான். 1913இல் ஒரு கட்டுரைக்கு அடியில் புதிதாக ஒரு கையெழுத்துப் போட்டான். எஃகு என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லிலிருந்து அவனே வார்த்துக்கொண்ட பெயர் அது. அப்பன் வைத்ததும் அல்ல, பாட்டன் வழி வந்ததும் அல்ல. அந்தக் கள்ளப் பெயர் கொங்கு நாட்டுப் பக்கம் வந்து சேரும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருப்பார்கள்.

வழி திறந்துவிட்டவர் ஈரோட்டுக்காரர். 1931 டிசம்பரில் கப்பல் ஏறிய பெரியார், 1932இல் மூன்று மாதங்கள் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் அந்தப் பயணத்தில் இருந்தபோதுதான், ஈரோட்டுக்குப் பக்கத்துத் திருப்பூரில், கொடியோடு ஊர்வலம் போன சென்னிமலைக்காரர் குமாரசாமி போலீஸ் தடியடியில் விழுந்தார். மறுநாள், 1932 ஜனவரி 11இல், உயிர் பிரிந்தது. குமாரசாமி 'திருப்பூர் குமரன்' ஆனார். ஒரு சாவு ஒரு பெயரை நிலைநிறுத்துவதைத் திருப்பூர் அப்போதே பார்த்துவிட்டது. பெரியாரோ பயணத்திலிருந்து வேறு வகைப் பெயர்களோடு திரும்பினார். சுயமரியாதை வீடுகளில் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் விழ ஆரம்பித்தது. பாட்டியின் வாயில் நுழையுமா என்று யாரும் கவலைப்படவில்லை. அப்படியும், இந்தக் கதைக்குரிய குழந்தை பிறக்க இன்னும் இருபது ஆண்டு இருந்தது. அந்தக் குழந்தைக்கு முதலில் தயாரான பெயரோ முற்றிலும் வேறு.

அந்தப் பெயருக்கு அடித்தளம் போட்டது திருப்பூர்தான். 1934இல் அங்கே செங்குந்தர் இளைஞர் மாநாடு. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர், கல்லூரிப் பரீட்சை எழுதி முடித்த கையோடு வந்து பேசினார். கேட்டுக்கொண்டிருந்த பெரியார் அவரைக் கூப்பிட்டு, என்ன செய்கிறாய் என்று விசாரித்தார். பரீட்சை எழுதியிருக்கிறேன் என்று பதில் வந்தது. அடுத்து உத்தியோகந்தானே என்றார். இல்லை, பொதுவாழ்வு என்றார் இளைஞர். அண்ணாதுரை பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த சந்திப்பு இது. பின்னலாடைத் தொழில் அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்த ஊரில், நெசவும் அரசியலும் ஒரே பந்தலில் முடிச்சுப் போட்டுக்கொண்டன. பெரியாரை ஊர் 'அய்யா' என்றது. அண்ணாதுரையின் பின்பாதி 'துரை'. இரண்டையும் சேர்த்தால் ஒரு பிள்ளைக்குப் பெயர் தயார். தென்மாவட்டங்களில் அய்யாதுரைகள் ஏற்கெனவே இருந்தார்கள்தான். இந்தப் பொருளில் மட்டும் யாரும் இல்லை.

ஆனால் 1949இல் அய்யாவும் துரையும் பிரிந்தார்கள். பெரியார் – மணியம்மை திருமணம், அதைத் தொடர்ந்து செப்டம்பர் 17இல் தி.மு.க. பிறப்பு. ஒரே மேடையில் நிற்காத இருவரையும் ஒரு தொட்டிலிலாவது சேர்த்து வைக்கலாம் என்று நினைத்தார் ஒருவர்.

அவர், 1953 தொடக்கத்தில், 'பராசக்தி' வசனத்தால் முந்தைய ஆண்டுதான் தமிழ்நாடு முழுக்க அறிமுகமாகியிருந்த இருபத்தெட்டு வயது மு. கருணாநிதி. இயக்கத்தில் இராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இவரோ தட்சிணாமூர்த்தியாகப் பிறந்து, கருணாநிதி என்ற வடமொழிப் பெயரோடேயே நின்றுகொண்டார். மனைவி தயாளு அம்மாள் கர்ப்பமாக இருந்தார். பிறக்கும் பிள்ளை ஆணானால் அய்யாதுரை என்று பேச்சு. 1953 மார்ச் 1, சென்னையில் ஆண் குழந்தைதான் பிறந்தது. தேர்ந்தெடுத்த பெயர் கையில் இருந்தது. வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அதே மார்ச் 1. மாஸ்கோவுக்கு வெளியே குன்ட்செவோ மாளிகை. முந்தைய இரவு விருந்து விடியும்வரை நடந்திருந்தது. பகல் ஏறியும் எஃகுப் பெயர்க்காரர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கூப்பிடாமல் உள்ளே போக எந்தக் காவலருக்கும் துணிச்சல் இல்லை; அவ்வளவு பயத்தை அவர் வளர்த்து வைத்திருந்தார். இரவில்தான் ஒருவர் கதவைத் திறந்தார். பக்கவாதம் தாக்கித் தரையில் கிடந்தார் மனிதர். சென்னையில் ஒரு குழந்தை முதன்முதலாக அழுத நாளில், அதற்குப் பெயர் தரப்போகிறவர் பேச்சை இழந்தார். மார்ச் 5 இரவு உயிர் போயிற்று.

சென்னையில் இரங்கல் கூட்டம் கூடியது. பேசிக்கொண்டிருந்த கருணாநிதி கையில் துண்டுச்சீட்டு வந்தது, மகன் பிறந்த செய்தி அதில் இருந்தது, அந்த நிமிடமே பெயர் அறிவித்தார் என்றொரு கதை உலவுகிறது. சினிமாவுக்கு வசனம் எழுதியவர் வாழ்க்கை என்பதால் சனங்கள் சுலபமாக நம்பிவிட்டார்கள். நாட்காட்டி ஒத்துவரவில்லை: குழந்தை பிறந்து நான்கு நாள் கழித்துத்தான் அங்கே மரணமே. இரங்கல் கூட்டத்தில் பெயர் முடிவானது என்பது மட்டும் உண்மை. பெரியாரையும் அண்ணாவையும் சந்தித்திராவிட்டால் கம்யூனிஸ்ட் ஆகியிருப்பேன் என்று பிற்காலத்தில் சொன்னவர் கருணாநிதி. அந்த இருவர் பெயரையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆகாமல் போன கம்யூனிஸ்ட் எழுந்து நின்றார். அய்யாதுரை தொட்டிலைவிட்டு இறங்கினார், ஸ்டாலின் ஏறினார்.

இலக்கணக்காரர்கள் கண்ணில் இது இரட்டைக் குற்றம். தனி மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்கக் கூடாது. இங்கே தொடக்கமே மெய், அதுவும் கிரந்தம். நாக்கு தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னது: கிராமத்து வாயில் அது 'இஸ்டாலின்' ஆயிற்று. அழகிரி, செல்வி, தமிழரசு என்று உடன்பிறந்தவர்கள் இருக்க, மாஸ்கோக்காரர் பெயர் ஒருவருக்கு மட்டும். பெயரின் சொந்த ஊரிலோ காற்று திசை மாறிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கு மூன்று வயது நிறைய நான்கைந்து நாள் இருக்கும்போது, 1956 பிப்ரவரி 25இல், குருஷ்சேவ் கட்சி மாநாட்டின் மூடிய கதவுக்குள் பழைய தலைவரின் கொலைகளையும் சிறைகளையும் பட்டியல் போட்டார். 1961இல் உடல் லெனின் பக்கத்திலிருந்து அகற்றப்பட்டது. ஸ்டாலின்கிராட் வோல்கோகிராட் ஆனது. பெற்ற மகள் ஸ்வெத்லானா தாய்வழிப் பெயருக்கு மாறிக்கொண்டு, 1967இல் டெல்லியிலிருந்தே அமெரிக்காவுக்குத் தப்பினார். பெற்ற மகளே கழற்றிப் போட்ட பெயரைச் சென்னைப் பையன் ஒருவன் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தான். பள்ளியில் சேர்க்கும்போது பெயரை மாற்றச் சொன்னார்களாம். பள்ளியை மாற்றுவேன், பெயரை மாற்றமாட்டேன் என்றாராம் அப்பா. மகனே மேடையில் சொன்ன கதை. 1989இல் ரஷ்யா போனபோது விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் துருவித் துருவிக் கேட்டார்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். சொந்த ஊரிலேயே அந்தப் பெயர் அந்நியமாகியிருந்தது.

திருப்பூரில் அந்தச் சிக்கலே இல்லை. பஞ்சப்படி கேட்டு 1984இல் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. சங்கக் கொடி பிடித்த வீடுகளில் லெனினும் ஸ்டாலினும் முருகேசனைப் போலவே சாதாரணம். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஸ்டாலினை டெய்லர் என்றுதான் யாரும் பார்ப்பார்கள். எஃகு யாருக்கு ஞாபகம் வரும்? எனக்கென்னவோ, ஒரு பெயர் உள்ளூராகிவிட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பெயர் ஏற வேண்டிய மேடை ஒன்று மிச்சம் இருந்தது.

2021 மே 7. சென்னை ஆளுநர் மாளிகை. 'முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்' என்று உறுதிமொழி எடுத்தார் தமிழ்நாட்டின் புதிய முதலமைச்சர். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் சேர்ந்து ஒலித்தது உருக்கமாகப்பட்டது. மூன்றாவது பெயர் எங்கிருந்து வந்தது என்று நினைத்தவர்கள் குறைவு.

தேர்தல் வந்துவிட்டால் திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் எல்லாக் கட்சி டி-ஷர்ட்டும் ஓடும். தலைவர் படம், சின்னம், கீழே பெயர். 1934இல் அய்யாவும் துரையும் கைகோத்த ஊரில் சட்டத்தை அழுத்தி மையை இழுக்கிறார் தொழிலாளி. பனியன் துணியில் விழுந்து காய்கின்றன நான்கு எழுத்துகள். அய்யாதுரை என்றிருந்தால் ஓர் எழுத்து கூடியிருக்கும்.