நஸ் அறுவை சிகிச்சை

பிறவியிலேயே உள்வாங்கியிருக்கும் மார்பை, எலும்பையோ குருத்தெலும்பையோ வெட்டாமல் நிமிர்த்தும் முறை நஸ் அறுவை சிகிச்சை. விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள் கோணலாக வளர்வதால் நெஞ்சின் நடுவே குழி விழுகிறது. ஆண் பிள்ளைகளுக்கே இது அதிகம். விடலைப் பருவத்தில் மளமளவென்று உயரும்போது குழியும் ஆழமாகும். இதயமும் நுரையீரலும் நெருக்கப்பட்டால் ஓடும்போது மூச்சிரைக்கும். சட்டையைக் கழற்றக் கூசி நீச்சலையே தவிர்க்கும் பிள்ளைகள் உண்டு. அதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது தவறு.

1949-இல் மார்க் ராவிச் விவரித்த பழைய முறையில், நெஞ்சைத் திறந்து குருத்தெலும்புகளை வெட்டியெடுப்பார்கள். அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் குழந்தைகள் அறுவை மருத்துவராக இருந்த டொனால்ட் நஸ் 1987-இல் வேறு வழி கண்டார். நாள்பட்ட நுரையீரல் நோயில் பெரியவர்களின் மார்புக்கூடே பீப்பாய்போல் உருமாறுகிறது. கம்பி கட்டினால் பல்வரிசை நேராகிறது. அப்படியிருக்க, பிள்ளைகளின் இளங்குருத்தெலும்பை ஏன் வெட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி. 42 குழந்தைகளிடம் கண்ட பலனை 1998-இல் வெளியிட்டார்.

குழியின் ஆழத்தை சி.டி. ஸ்கேனில் அளப்பார்கள். மார்பின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் வருவது ஹாலர் குறியீடு. இயல்பான மார்பில் அது ஏறக்குறைய 2.5; 3.25-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கிறார்கள்.

எஃகுப் பட்டையைப் பிள்ளையின் மார்பு அளவுக்கு ஏற்ப வில்லாக வளைத்துக்கொள்வார்கள். விலாவின் இருபுறமும் சிறு கீறல். ஒரு பக்கத்திலிருந்து மார்பெலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே பாதை உண்டாக்கி, வில்லின் முதுகு கீழ்நோக்கி இருக்கும்படி பட்டையை மறுபக்கம் இழுப்பார்கள். பிறகு ஒரே திருப்பு: பட்டை புரண்டு மார்பெலும்பை மேலே தூக்க, குழி அந்த நொடியே மறைகிறது. தொடக்கத்தில் இந்தப் பாதையைக் கண்ணால் பார்க்காமலே போட்டார்கள். இதயம் துளைபடும் ஆபத்து அரிதென்றாலும் உயிர்போக்கக்கூடியது. ஆகவே மார்புக்குள் கேமரா செலுத்திப் பார்த்தபடி செய்வதே இன்றைய வழக்கம்.

கீறல் சிறிதென்பதால் வலியும் சிறிதாக இருக்குமென்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. முதல் சில நாள் வலி கடுமையானது. விலா நரம்புகளைக் குளிரூட்டி மரக்கச் செய்யும் உத்தி இதை இப்போது வெகுவாகக் குறைத்திருக்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைட்டானியம் பட்டை உண்டு. சுமார் 3 ஆண்டுகள் கழித்து, அதே தழும்பின் வழியே பட்டையை உருவி எடுக்கிறார்கள்.