சிறார் வரையும் மனித உருவம்

குழந்தை தன் கையாற் கருத்தோடு வரையும் முதல் உருவங்களுள் மனிதனே முதன்மையானவன். ஒரு வட்டம், அதனுள் இரு புள்ளிகள், வட்டத்தினின்று நேரே இறங்கும் இரு கோடுகள். தலையுங் காலும் உள, உடலைக் காணோம். இதனைப் பிழையெனக் கொள்வதா, எண்ணமெனக் கொள்வதா என்னும் வினா, ஆரம்ப வகுப்புச் சித்திரக் கல்வியின் வரலாற்றில் நெடுங்காலம் எழவேயில்லை.

சுவிற்சலாந்துக் கல்வியறிஞர் பெஸ்தலோசி, 1801இல் வெளியிட்ட நூலில், மொழிக்கு நெடுங்கணக்குப்போல உருவத்துக்கு நேர்கோடு, கோணம், வளைவு என்பன அடிப்படையென வகுத்தார். கண்டறிதலைக் கல்விக்கு அடிப்படையாக்கியது அவர்தம் பெருமை. ஆயினும் பாடசாலைகளிற் கோடு நிலைத்தது, காட்சி நழுவிற்று. இங்கிலாந்தில் 1853இல் வகுக்கப்பெற்ற சித்திரப் பாடத்திட்டம் 23 படிகளைக் கொண்டது. கோடுகளையும் அச்சுப்படிகளையும் பார்த்து வரைந்து பல படிகள் ஏறிய பின்னரே மாணாக்கன் மனித உருவத்தை அடைவான். இங்ஙனம், குழந்தை முதலில் விரும்புவது பாடத்தில் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது.

இந்நிலையை மாற்றத் துணைபுரிந்தவர்களுள் ஒருவர் இத்தாலியக் கலை வரலாற்றறிஞர் கொராடோ ரிச்சி. சிறார் சித்திரங்களைப்பற்றி 1887இல் நூலொன்று வெளியிட்ட அவர், குழந்தை மனிதனைக் கண்டவாறு வரைவதில்லை, அவனைப்பற்றி அறிந்ததையே கூறுகின்றது என விளக்கினார். பக்கவாட்டு முகத்தில் இரு கண்கள் தோன்றுவதும், குதிரைமேல் இருப்பவனின் இரு கால்களுந் தெரிவதும் இக்காரணத்தாலேயாம். வியன்னாவிற் பிரான்ஸ் சிசெக் 1897 முதல் நடத்திய சிறார் வகுப்பில், பார்த்து வரைதற்கு மாறாகக் குழந்தையின் சொந்த ஆக்கமே போற்றப்பட்டது. அவ்வகுப்பின் சித்திரங்கள் 1920இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1926இல் அமெரிக்க உளநூலறிஞர் புளோரன்ஸ் குடினஃப், குழந்தை வரைந்த மனிதனின் உறுப்புகளையும் அமைப்பையும் 51 கூறுகளாக எண்ணி அறிவாற்றலை அளக்கும் சோதனையை அமைத்தார். சிறார் சித்திரம் மதிப்புப் பெற்றது உண்மையே. ஆயினும் எண்ணிக்கைக்கு உட்பட்டதெல்லாம் மனப்பாடத்துக்கும் இடந்தரும். விரல் ஐந்தென இடித்துரைக்கப்பட்ட குழந்தை ஐந்து கோடுகளை இடும், கையை அறிந்ததாகாது.

ஆகவே, ஆசிரியர் கரும்பலகையில் முழு உருவத்தை வரைந்து பார்த்தெழுதச் சொல்வதும், எதுவுங் கற்பியாது வாளாவிருப்பதும் ஒருசேரக் குறைபாடுடையன. முழங்கையை மடக்கிப் பார்க்கவும், கழுத்தைத் தொட்டுணரவும், பந்தெறியும் தோழனின் தோள் எங்ஙனஞ் சாய்கின்றதெனக் காணவும் குழந்தையைத் தூண்டுதல் வேண்டும். அறிவு விரியுமிடத்துச் சித்திரமுந் தானே விரியும். தலைக்குங் காலுக்கும் நடுவே உடல் தோன்றும் நாளை ஆசிரியர் பொறுமையோடு எதிர்நோக்கலாம்.